சிப்பி மேட்டை வாசிப்பது எப்படி?

மீன் சமைக்கிற ஒரு வீட்டின் கொல்லையில் குப்பைக்குழி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகராட்சி வண்டி எட்டிப் பார்க்காத ஊர். அடுப்படியில் மிஞ்சுவதெல்லாம் அந்தக் குழிக்குத்தான் போகும். ஒரு வருடம் கழித்து, அந்த வீட்டாரை முன்பின் அறியாத ஒருவர் வந்து குழியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கிறார். அடியில் கரும்புச் சக்கை, தை மாதம். அதற்கு மேல் மாங்கொட்டைகள், சீவிப்போட்ட நுங்குக் காய்கள், சித்திரையும் வைகாசியும். இன்னும் மேலே ஓர் அடுக்கில் மீன்முள் ஒன்றுகூட இல்லை. வாழைப்பூ மடலும் பூசணித் தோலும்தான் கிடக்கின்றன. வாரத்தில் நாலு நாள் மீன் வாங்கிய வீடு, திடீரென்று ஒரு மாதம் நிறுத்தியிருக்கிறது. புரட்டாசி! அந்த வீட்டார் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள் என்பதை முள்ளில்லாத அந்த அடுக்கு சொல்லிவிட்டது. அதற்கும் மேலே ஆட்டெலும்பு, தீபாவளி.

கடலோரப் பழங்குடிகளின் வரலாற்றைத் தொல்லியலாளர்கள் வாசிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். வித்தியாசம், அங்கே குழி இல்லை, மேடு இருக்கிறது. ஒரு வருடக் குப்பைக்குப் பதில் பல ஆயிரம் வருடக் குப்பை. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீவுகளிலும் கழிமுகங்களிலும் இந்தச் சிப்பி மேடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஹைடா, ஹைல்ட்சுக், குவாக்வாக்கவாக், மஸ்குயம் எனப் பல மக்களின் ஊர்கள் இருந்த, இன்றும் இருக்கிற கரை அது. சில மேடுகளின் ஆழம் ஐந்து மீட்டரைத் தாண்டும். மேட்டின் மேலேயே வீடு கட்டினார்கள். சிப்பிப்படுகை மழைநீரை உடனே கீழே இறக்கிவிடும், காலடி சேறாகாது.

வெட்டிய சுவரின் முன் உட்கார்ந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளையும் கறுப்பும். கைப்பிடி அளவுள்ள மட்டிச் சிப்பிகள் உடையாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஒரு பட்டை. அதன் கீழே, காலால் மிதிபட்டு நொறுங்கிய கருஞ்சிப்பித் துகள். அதற்கும் கீழே சாம்பலும் கரியும் கலந்த, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த மண். நடுவே கடல் முள்ளெலியின் முட்கள், ஊசிகளைக் கொட்டியதுபோல் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். யாரோ ஒருநாள் உட்கார்ந்து ஒரு கூடை முள்ளெலியை உடைத்துத் தின்றுவிட்டு எழுந்துபோயிருக்கிறார்கள்.

எங்கு பார்த்தாலும் வெடித்த கற்களும் இருக்கும். அவை அடுப்புக் கற்கள் மட்டுமல்ல. அந்த மக்களுக்கு மண்பானை பழக்கமில்லை. ஒரே தேவதாருப் பலகையை ஆவியில் இளக்கி, நான்கு பக்கமாக மடக்கி, ஓரத்தை மர ஆணியடித்தோ தைத்தோ நீர் கசியாத பெட்டியாக்குவார்கள். அதில் தண்ணீரும் மீனும் போட்டு, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களை இடுக்கியால் எடுத்து உள்ளே போடுவார்கள். தண்ணீர் கொதித்துவிடும். மரப்பெட்டிக்குள் சமையல்! சூடேறிக் குளிர்ந்து மறுபடி சூடேறும் கல் சில தடவையில் வெடிக்கும். வெடித்ததை வெளியே எறிவார்கள். பெட்டி மக்கிப் போய்விட்டது. கல் சாட்சியாக இருக்கிறது.

இனி, இந்த மேடு இயங்கும் விதத்துக்கு வருவோம். முதல் கேள்வி, எலும்பு ஏன் அழியவில்லை என்பது. அந்தக் கரையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடங்கள் சாதாரணம். ஊசியிலைக் காட்டு மண் புளிப்பானது. மத்தி மீனைப் புளி ஊற்றி மண்சட்டியில் நெடுநேரம் வேகவிட்டால் முள் மெத்தென்றாகி வாயில் கரையுமே, அதே வேலையைத்தான் அந்தக் காட்டு மண்ணும் செய்கிறது, நெருப்பில்லாமல், நூறு நூறு வருடங்களாக. சாதாரணமாக அங்கே புதைந்த மீன்முள் எதுவும் மிஞ்சக்கூடாது. ஆனால் சிப்பி முழுக்கச் சுண்ணாம்பு. மழைநீர் சிப்பிகளின் ஊடாக இறங்கும்போது புளிப்பு முறிந்துவிடுகிறது. மேட்டுக்குள் விழுந்த எலும்பு அப்படியே தங்கிவிடுகிறது.

இதனால் ஒரு சிக்கலும் உண்டு. ஹைல்ட்சுக் மக்களின் மண்ணில் நாமு என்ற இடம் இருக்கிறது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளாக மனிதர் வந்துபோன, வாழ்ந்த இடம். 1893இல் அங்கே சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையொன்றை வெள்ளைக்காரர்கள் தொடங்கினார்கள் என்பதிலிருந்தே அது எப்படிப்பட்ட மீன்துறை என்று புரியும். நாமுவின் மேலடுக்குகளில் சிப்பி உண்டு, எலும்பும் உண்டு. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடியடுக்குகளில் சிப்பி இல்லை. அங்கே கல்லாயுதங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அதை வைத்து, முதல் நாலாயிரம் ஆண்டுகள் அவர்கள் மீனே தின்னவில்லை என்று யாராவது எழுதினால் அது பெரிய பிழை. புளிப்பு மண் தின்றுவிட்டது, அவ்வளவுதான். சுவரில் காணாமற்போனதை வரலாற்றில் இல்லாததாகக் கருதும் அவசரம் இந்தத் துறைக்கு நெடுநாள் இருந்தது.

அடுத்தது சல்லடை. இந்தத் துறையில் ஆட்டத்தை மாற்றிய கருவி எது என்று கேட்டால், கரிமக் காலக்கணிப்புக்கு அடுத்தபடியாக நான் சல்லடையைத்தான் சொல்வேன். முன்பெல்லாம் கால் அங்குலக் கண் கொண்ட சல்லடையில் மண்ணைச் சலித்தார்கள். அதில் சால்மன் முதுகெலும்பு நிற்கும், கடல்நாயின் எலும்பு நிற்கும். ஹெரிங் நிற்காது. நம்மூர் மத்தியின் உறவுக்கார மீன் அது; அதன் முள் ரவையோடு கலந்தால் கண்டுபிடிக்க முடியாது. ரவை சலிக்கிற சல்லடையில் மைதாவைப் பிடிக்க நினைத்த கதைதான். கண்ணைப் பொடிதாக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்ததும், கீழே போய்க்கொண்டிருந்த ஒரு முழு மீன் இனமே மேலே நின்றது.

அதன் விளைவு சின்னதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து அலாஸ்காவின் தென்கிழக்கு வரை 171 தொல்லியல் இடங்களில் கிடைத்த, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனெலும்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஹெரிங் இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் எண்ணிக்கையில் முதலிடமும் அதற்குத்தான். “சால்மன் மக்கள்” என்று உலகம் பெயர் சூட்டியவர்களின் அடுப்படியில் ஹெரிங்குக்கும் பெரிய இடம் இருந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்கும் தூளுக்குமாக வாரி அள்ளப்பட்டு, பல விரிகுடாக்களில் ஹெரிங் அற்றுப்போனது. இப்போதைய மீன்வள அதிகாரிகளின் கணக்கேடு ஏற்கெனவே குறைந்துபோன காலத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கணக்கு சிப்பி மேட்டில் இருக்கிறது.

எலும்பு கிடைத்தால் போதாது, எந்த எலும்பு என்றும் பார்க்க வேண்டும். தலை கிள்ளிக் காயவைத்த கருவாட்டைப் பல மாதம் கழித்துச் சமைக்கும் வீட்டில் முதுகுமுள் மிஞ்சும். மண்டை எலும்பு மிஞ்சாது. மண்டைகள் கடற்கரைக் களத்திலேயே தங்கிவிட்டன. பசிபிக் கரையின் குளிர்கால ஊர்களில் சால்மன் முதுகெலும்பு நிறையவும் தலையெலும்பு குறைவாகவும் கிடைத்தால், வேறிடத்தில் பிடித்துப் புகையிலிட்டு உலர்த்திய மீன் இங்கே பண்டகத்திலிருந்து வந்தது என்று நினைக்க இடமுண்டு. தலையெலும்பு மெல்லியது, தானாகவே சீக்கிரம் நொறுங்கும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். நாமுவின் சால்மன் எலும்புகளிலிருந்து பழங்கால டிஎன்ஏவைப் பிரித்து, அவை சால்மனில் எந்தெந்த வகை என்று ஆப்ரி கேனனும் டோங்யா யாங்கும் 2006இல் காட்டினார்கள். அவர்கள் சொல்வது: ஏழாயிரம் ஆண்டுகளாக அந்த ஊர் சால்மனைச் சேமித்து வைத்துக் குளிர்காலத்தைக் கடத்தியிருக்கிறது. மனிதர் ஒரே இடத்தில் நிலைத்து வாழ நெல்லும் கோதுமையும் வேண்டும் என்று பள்ளியில் படித்த நமக்கு, இந்த ஒரு மேடு போதும் அந்தப் பாடத்தைத் திருத்த.

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? அடுப்புக் கரியிலிருந்தும் சிப்பியிலிருந்தும் கரிமத்தை எடுத்து அளக்கிறார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே வேளைச் சாப்பாட்டின் கரியையும் சிப்பியையும் தனித்தனியே அளந்தால், சிப்பி பல நூறு ஆண்டு மூத்ததாகக் காட்டும். ஆழ்கடலில் நெடுங்காலம் கிடந்த நீர் மேலே வரும்போது தன்னோடு பழைய கரிமத்தைக் கொண்டுவருகிறது. மட்டி அந்தப் பழைய சரக்கைக் கொண்டே தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு கரைக்கும் தனித் திருத்தம் போட்டுத்தான் வயதைச் சொல்ல வேண்டும்.

ஆண்டைவிட எனக்குப் பிடித்தது மாதம். மட்டியின் ஓட்டை நெடுக அறுத்து மெருகேற்றினால், உள்ளே வரிவரியாக வளர்ச்சிக் கோடுகள் தெரியும். கடல் குளிர்ந்திருக்கும்போது ஓட்டில் கனமான ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாகவும், வெதுவெதுப்பானபோது குறைவாகவும் படியும். ஆற்றுநீர் கலப்பும் அதை மாற்றும் என்பதால் அந்தந்த இடத்து நீரையும் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டின் விளிம்பில், கடைசி வரியிலிருந்து பின்னோக்கி, மெல்லிய துளைகருவியால் புள்ளி புள்ளியாகத் தூள் எடுத்து அளந்தால், அந்த மட்டி எந்தப் பருவத்தில் தோண்டி எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். மாங்கொட்டையைப் பார்த்துச் சித்திரை என்று சொன்னோமே, அதன் நுட்பமான வடிவம் இது.

இதே மட்டிகள்தான் இன்னொரு கதவையும் திறந்தன. 1995இல் ஜான் ஹார்ப்பர் என்ற நிலவியலாளர் ஹெலிகாப்டரிலிருந்து பிராட்டன் தீவுக்கூட்டத்தின் கரைகளை அளந்துகொண்டிருந்தார். கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். கரையோரமாக, வற்றுக்கோட்டை ஒட்டி, கல்வரிசைகள் வளைந்து வளைந்து போயின. இயற்கை அப்படி அடுக்காது. பல பேரிடம் விசாரித்தார். கடைசியில் குவாக்வாக்கவாக் மக்களின் குலத்தலைவர் ஆடம் டிக் அதன் பெயரைச் சொன்னார்: லோக்கிவே. சிறுவயதில் பெரியவர்களோடு கல் உருட்டிய நினைவும் பாட்டும் அவரிடம் இருந்தன. அந்த மக்களுக்கு அது புதிய செய்தியே இல்லை. கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இப்போது அவற்றை மட்டித் தோட்டங்கள் என்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. மட்டி எல்லா ஆழத்திலும் செழிக்காது. நாளில் இவ்வளவு நேரம் நீரில், இவ்வளவு நேரம் வெளியே என்ற கணக்குக்குள் அடங்கும் குறுகிய பட்டையில்தான் நன்றாக வளரும். கரை செங்குத்தாக இறங்கினால் அந்தப் பட்டை இரண்டடி அகலம்கூடத் தேறாது. வற்று மிகத் தாழும் நாளில் கீழ்க்கோட்டில் கல்லை அடுக்கித் தாழ்வான சுவர் எழுப்புகிறார்கள். அலை கொண்டுவரும் மணலும் சிப்பித்துகளும் சுவருக்குப் பின்னால் தங்கித் தங்கி, சரிவு சமதளமாகிறது. குறுகிய பட்டை அகன்ற மேடையாகிறது. கரையில் கிடக்கும் கல்லையெல்லாம் சுவருக்கே உருட்டிவிடுவதால் தோண்டுவதும் எளிது. தோண்டும்போது மண் பொலபொலப்பாகி, இளம் மட்டிகளுக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது. பெரியதை எடுப்பார்கள், சிறியதை விட்டுவிடுவார்கள்.

இது பலன் தருகிறதா என்று குவாட்ரா தீவில் சோதித்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: சுவர் உள்ள கரையில், சுவரில்லாக் கரையைவிட ஒரு வகை மட்டி நான்கு மடங்கும் இன்னொரு வகை இரு மடங்குக்கு மேலும் இருந்தன. கொண்டுபோய் விட்ட குஞ்சு மட்டிகள் 1.7 மடங்கு வேகமாக வளர்ந்தன.

கல்சுவருக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி? கல்லின் வயதைக் கேட்டுப் பயனில்லை. சுவரின் அடிக்கல்லைப் புரட்டினால், கல் வைக்கும்போது அடியில் அகப்பட்டுச் செத்த மட்டிகளும், பாறையில் ஒட்டிய கொட்டலசின் தழும்புகளும் கிடைக்கும். அவற்றை அளந்தார்கள். குவாட்ரா தீவின் சில சுவர்கள் குறைந்தது 3,500 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2019இல் அறிவித்தார்கள். அதே தீவைச் சுற்றி 11,500 ஆண்டு மட்டி ஓடுகளின் வரிகளை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வும் அதே ஆண்டு வந்தது. பனியுகம் முடிந்த புதிதில் மட்டிகள் சிறுத்து மெதுவாக வளர்ந்தன. கடல் வெதுவெதுப்பானதும் தேறின. மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தோண்டித் தின்றும் அவை சிறுக்கவில்லை. தோட்டங்கள் கைவிடப்பட்டு, காடுகள் மொத்தமாக வெட்டப்பட்டு, சேறு கடலுக்கு இறங்கிய பிறகுதான் வளர்ச்சி மறுபடியும் பனியுக முடிவின் நிலைக்குச் சரிந்தது.

வேட்டையாடிகள், சேகரிப்பவர்கள் என்று ஒரு வரியில் இவர்களை எழுதி முடித்தவர்கள் இந்த மேடுகளைச் சரியாகச் சலிக்கவில்லை. உழாத நிலம் ஆளில்லாத நிலம் என்று சொல்லிக் குடியேறியவர்களுக்கு அந்த ஒரு வரி வசதியாக இருந்தது.

மேடு சொல்லாததையும் பேச வேண்டும். கொல்லைக் குழியில் தயிர்சாதம் தடம் விடாது. கீரையும் மோரும் விடாது. அதுபோல, கடற்பாசியும் காட்டுப் பழங்களும் மீனெண்ணெயும் சிப்பி மேட்டில் அநேகமாகக் காணப்படாது. ஹெரிங் முட்டையிடும் பருவத்தில் கிளைகளையும் கெல்ப் என்னும் பெரிய பாசியையும் நீரில் தொங்கவிட்டு, முட்டை அப்பியதும் தூக்கி உலர்த்துவது ஹைல்ட்சுக் மக்களின் பழைய வழக்கம். மீன் சாவதில்லை, முள் விழுவதில்லை. அந்த முட்டையை விற்க முயன்றதற்காக 1988இல் ஹைல்ட்சுக் சகோதரர்கள் இருவர் மீது வழக்குப் போட்டார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அதை வணிகமாகச் செய்தார்கள் என்று நிரூபித்தால்தான் உரிமை. ஐரோப்பியப் பயணிகளும் வணிகர்களும் எழுதிவைத்த நாட்குறிப்புகள் அங்கே கைகொடுத்தன. 1996இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஹைல்ட்சுக்குகளின் வணிக உரிமையை ஒப்புக்கொண்டது. ஒரு மக்கள் என்ன சமைத்தார்கள், எதைப் பண்டமாற்றினார்கள் என்பது அங்கே இன்றைய பிழைப்பைத் தீர்மானிக்கும் கேள்வி.

வாய்மொழி வரலாற்றை ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. பனியுகத்தில் பனி மூடாத ஒரு கீற்று நிலத்தில் தங்கள் முன்னோர் தங்கிப் பிழைத்தார்கள் என்று ஹைல்ட்சுக் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். ட்ரிக்கெட் தீவில் தோண்டியபோது ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையான அடுப்புக்கரி கிடைத்ததாக 2017இல் செய்தி வந்தது. பக்கத்துக் கால்வெர்ட் தீவில் 13,000 ஆண்டுக்கு முந்தைய 29 காலடிகள் களிமண்ணில் பதிந்திருந்தன. அவற்றில் ஒரு குழந்தையின் காலடியும் உண்டு. அந்தப் பகுதியில் கடல்மட்டம் பெரிதாக ஏறி இறங்கவில்லை என்பதால் இவை தப்பின. ஹைடா குவாய் பக்கத்தில் பழைய கரை கடலுக்கடியில் போய்விட்டது. உள்நாட்டுக் கழிமுகங்களில், பனியின் பாரத்தால் அமுங்கியிருந்த நிலம் எழுந்ததில் பழைய கரை காட்டுக்குள் ஏறி நிற்கிறது.

கடைசியாக, கொல்லைக் குழியோடு ஒப்பிட முடியாத ஒன்று. இந்த மேடுகளில் பலவற்றில் இறந்தவர்களையும் அடக்கம் செய்தார்கள். வான்கூவர் நகரத்துக்குள் மஸ்குயம் மக்களின் பழைய ஊரான செஸ்நாம் இருக்கிறது. மார்போல் மேடு என்று வெளியார் சொல்வது அதைத்தான். 1890களில் ஹார்லன் ஸ்மித் அங்கிருந்து முன்னோர்களின் எலும்புகளை எடுத்து நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1933இல் அது தேசிய வரலாற்றிடம் என்று அறிவிக்கப்பட்டது. அப்படியும் 2012இல் அதன் மேல் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் தோண்டினார்கள், புதைக்கப்பட்டவர்கள் வெளிப்பட்டார்கள். மஸ்குயம் மக்கள் இருநூறு நாட்களுக்கும் மேலாக அங்கேயே காவல் இருந்தார்கள். கட்டுமானம் நின்றது. 2013இல் அந்த நிலத்தைத் தங்கள் பணத்தைக் கொடுத்து அவர்களே வாங்கினார்கள். தன் தாத்தாவின் கல்லறையை விலைகொடுத்து மீட்க வேண்டியிருந்தது என்பது எந்த நாட்டுக்கும் பெருமையல்ல. இன்று பல அகழ்வுகள் அந்தந்த மக்களின் அனுமதியோடும், அவர்களுடைய ஆட்களோடும் நடக்கின்றன. அப்படித்தான் நடக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்வினோமிஷ் மக்கள், கைக்கெட் தீவின் கரையில் கல் அடுக்கிப் புதிதாக ஒரு மட்டித் தோட்டத்தைக் கட்டினார்கள். அமெரிக்காவில் இந்தக் காலத்தில் எழுந்த முதல் மட்டித் தோட்டம் அது.